கச்சுத் தையல்: 1780ஆம் ஆண்டின் ஸ்டேஸ் பற்றிய கேள்வி பதில்

நாடக உடைகளுக்காகப் பதினாறு ஆண்டுகளாக 18ஆம் நூற்றாண்டு இங்கிலாந்துப் பெண்களின் கச்சுகளைத் தைத்து வருகிறேன். அன்று அதற்கு ஸ்டேஸ் என்று பெயர். 19ஆம் நூற்றாண்டில் பரவிய கார்செட் அதன் வழியில் வந்ததுதான் என்றாலும், வெட்டும் வடிவமும் வேறு. கச்சின் கட்டுமானத்தைப் பற்றிய கேள்விகளுக்கு விரிவாகவும் மற்றவற்றுக்குச் சுருக்கமாகவும் எழுதியிருக்கிறேன்.

கோயம்புத்தூர் வாசகி: எங்கள் கல்லூரி நாடகத்தின் கதை 1780இல் லண்டனில் நடக்கிறது. எனக்கு ரவிக்கை நன்றாகத் தைக்க வரும். கச்சுக்கு எங்கிருந்து தொடங்க வேண்டும், அம்மா?

ரவிக்கை தைத்த கை உங்களுக்கு உதவும். ஆனால் ரவிக்கை உடலின் வடிவைப் பின்பற்றுவது. கச்சு உடலுக்கு வடிவம் கொடுப்பது. இடுப்பில் குறுகி மார்பை நோக்கி விரியும் கூம்புதான் 1780இன் வடிவம். உடல் வளைவுக்காகத் துணியை மடித்துத் தைக்கும் டார்ட் அதில் கிடையாது. துண்டுகள் இணையும் கோடுகளும், தையற்காரர்கள் ‘போன்’ என்று சொல்லும் விறைப்புப் பட்டைகள் ஓடும் திசையும் சேர்ந்தே அந்தக் கூம்பை உண்டாக்குகின்றன. ஆகவே அளவு ரவிக்கையை வைத்து வெட்ட முடியாது. அணிபவரை நேரில் நிறுத்தி அளவெடுக்க வேண்டும். இடுப்பு 30 அங்குலம் என்றால், இறுக்கத்துக்கு 2 அங்குலமும் முதுகில் நாடா கட்டும் இடைவெளிக்கு 2 அங்குலமும் கழித்து, தைத்து முடித்த கச்சின் இடுப்பு 26 அங்குலம் இருக்குமாறு வரையுங்கள்.

அதன் பிறகு, தயவுசெய்து, நல்ல துணியில் கத்தரி வைக்காதீர்கள். முதலில் கெட்டியான காடாத்துணியில் ஒரு மாதிரி தைத்து, பட்டைகளை ஒட்டு நாடாவால் அதன்மேல் ஒட்டி, முதுகில் நாடா கோத்து இறுக்கி, அணிபவரை அரைமணி நேரம் நடக்கவும், நாற்காலியில் உட்காரவும், கைகளை உயர்த்தவும், வசனம் பேசவும் சொல்லுங்கள். அக்குளில் குத்தினால் மேல்விளிம்பை இறக்குங்கள். இடுப்பெலும்பில் அழுத்தினால், கச்சின் கீழ்விளிம்பில் நாக்குகளாக வெட்டிவிடும் மடல்கள் பிரியும் இடம் உண்மையான இடுப்புக்கோட்டுக்குக் கீழே போய்விட்டது என்று பொருள். நான் தைத்த முதல் கச்சு மாதிரி இல்லாமல் வெட்டியது. நான்கு மீட்டர் லினன் துணியும் மூன்று வார உழைப்பும் வீணாயின.

திருச்சி வாசகர்: நாடா கோக்கும் கண்களுக்குக் கடையில் விற்கும் உலோக வளையங்களை அடிக்கலாமா?

கூடாது. உலோக வளையங்கள் 1820களின் பிற்பகுதியில்தான் கச்சுகளுக்கு வந்தன. 1780இன் கச்சில் எல்லாக் கண்களும் கையால் தைத்தவை. காலப்பொருத்தத்தைவிடப் பெரிய காரணமும் ஒன்று உண்டு. வளையம் அடிப்பதற்குத் துணியில் ஓட்டை போடும்போது நூல்கள் அறுபடுகின்றன. குத்தூசியாலோ பாவும் ஊடையும் அறாமல் விலகிக்கொடுக்கின்றன. விலக்கிய துளையைச் சுற்றித் தேன்மெழுகு பூசிய லினன் நூலால் நெருக்கமாகச் சுற்றித் தைத்தால், அந்தக் கண் எளிதில் கிழியாது. காஜா முடிச்சு இதற்குத் தேவையில்லை.

டொராண்டோ வாசகி: இடுப்பு சிறுக்க அக்காலப் பெண்கள் விலா எலும்பை அகற்றிக்கொண்டார்கள் என்பது உண்மையா?

அதற்கு நம்பத்தக்க சான்று ஏதும் இல்லை. 1846க்கு முன் மயக்க மருந்தும் 1867க்கு முன் கிருமிநீக்க முறையும் அறுவைக்கூடங்களில் வழக்கத்தில் இல்லை என்பதை எண்ணிப்பாருங்கள்.

மதுரை வாசகர்: நான் உடை தைக்கும் கூடம் ஒன்றில் எஃகுப் பட்டைகளைத்தான் பயன்படுத்துகிறோம். அவை வளையாது, உடையாது. 1780இன் கச்சுக்கும் அவையே சிறந்தவை அல்லவா?

எஃகு கெட்டி என்பதில் ஐயமில்லை. ஆனால் இந்தக் கச்சுக்கு வேண்டியது அந்தக் கெட்டித்தன்மை அன்று. அன்று பயன்பட்டது ‘திமிங்கில எலும்பு’ என்று அழைக்கப்பட்ட பொருள். உண்மையில் அது எலும்பே அன்று. சிலவகைத் திமிங்கிலங்களின் வாயில் பல்லுக்குப் பதிலாகத் தொங்கும் பாலீன் தகடு, நம் நகத்தைப் போலக் கெராட்டினால் ஆனது. அதைக் கத்தியால் மெல்லிய கீற்றுகளாகப் பிளக்கலாம். உடலின் சூட்டிலும் ஈரத்திலும் சற்று இளகி, அணிபவரின் வளைவை அது ஏற்றுக்கொள்ளும். முழுவதும் பட்டையிட்ட கச்சு ஒன்றில் இத்தகைய கீற்றுகள் நூற்றைத் தாண்டும். தனித்தனியே மெலிந்த அவை, துணியோடு நெருக்கமாகத் தைக்கப்பட்டுச் சேர்ந்து நிற்பதால்தான் கச்சு தாங்குகிறது. பட்டை செருகுவதற்காகத் துணியில் தைக்கும் அத்தனை குழல்களிலும் எஃகைச் செருகினால் எடை கூடும், வியர்வையில் துருப்பிடிக்கும், உடலோடு இணங்காது. எஃகின் இடம், குறைவான பட்டைகளும் ஆழ்ந்த இடுப்பு வளைவும் கொண்ட 19ஆம் நூற்றாண்டின் கார்செட்.

இன்று பாலீன் கேட்டு யாரும் அலைய வேண்டாம். திமிங்கிலத்தின் உறுப்புகளை விற்பதும் வாங்குவதும் இந்தியாவில் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். ஜெர்மனியில் தயாராகும் செயற்கை பாலீன் கிடைத்தால் 5 மில்லிமீட்டர் அகலமுள்ளதை வாங்குங்கள். கிடைக்காவிட்டால், மின்பொருள் கடையில் விற்கும் அகலமான நைலான் கேபிள் டையின் தலையை வெட்டிவிட்டு, முனைகளை அரத்தால் உருட்டிப் பயன்படுத்துங்கள்.

சிங்கப்பூர் வாசகி: மதுரை அன்பருக்கு நானும் ஒன்று சொல்ல வேண்டும். இரண்டு கச்சுகளைக் கேபிள் டை வைத்துத் தைத்தேன். பத்துக் காட்சிகளுக்குப் பிறகும் உறுதியாக இருக்கின்றன.

உங்கள் அனுபவத்தை ஏற்கிறேன். ஆனாலும் நைலான் நாளடைவில் இடுப்பில் மடிந்து, அந்த மடிப்பிலேயே நின்றுவிடுவதும் உண்டு. ஒவ்வொரு பருவத்துக்கும் குழல்களின் ஒரு முனையைப் பிரித்துப் பாருங்கள்.

மதுரை வாசகர் (மீண்டும்): அம்மா, 1780இல் பிளாஸ்டிக்கும் இல்லையே! காலம் பொருந்தவில்லை என்று உலோக வளையத்தை விலக்கிவிட்டுப் பிளாஸ்டிக்கை ஏற்பது எப்படி நியாயம்?

நியாயமான கேள்வி. மாற்றுப்பொருளை ஏற்பதா வேண்டாமா என்பதற்கு நான் வைத்திருக்கும் அளவுகோல், அது துணிக்கும் உடலுக்கும் என்ன செய்கிறது என்பதே. பாலீன் நமக்குக் கிடைக்கக்கூடாத பொருள். அதைப்போல வளைந்துகொடுக்கும் ஒன்று குழலுக்குள் மறைந்திருப்பதால் கச்சின் இயல்பு கெடுவதில்லை. கையால் தைக்கும் கண்ணுக்கோ மாற்றே தேவையில்லை, சில மணி நேர உழைப்புத்தான் தேவை. அதை மிச்சப்படுத்துவதற்காகத் துணியின் நூலை அறுக்கிறோம். ஒரே ஓர் இடத்தில் உங்கள் பக்கம் வருகிறேன். முதுகில் கண் வரிசையை ஒட்டிய பட்டை, நாடாவை இழுக்கும்போது வில்லாக வளைந்தால், பக்கத்துக்கு ஒரு மெல்லிய எஃகுப் பட்டை வைப்பதை மேடைக்காக நானே செய்திருக்கிறேன்.

சேலம் வாசகி: வளையம் அடித்துவிட்டு, அதன்மேல் நூலால் சுற்றி மறைத்துவிட்டால் ஆகாதா?

ஓட்டை போடும்போதே துணியின் நூல் அறுந்துவிடுகிறது. திருச்சி வாசகருக்கு எழுதியதை முழுதும் படியுங்கள்.

நாகர்கோவில் வாசகர்: இவற்றைத் தைத்தவர்கள் பெண்கள்தானா?

வெட்டி, அளவு பார்த்துப் பொருத்தும் தொழில் பெரும்பாலும் ஆண்களிடம் இருந்தது. அமெரிக்க விடுதலைக்காக எழுதிய தாமஸ் பெய்ன், 1737இல் தெட்ஃபோர்டில் கச்சு தைப்பவரின் மகனாகப் பிறந்து, தந்தையிடமே அத்தொழிலைப் பயின்றவர். 1759இல் சாண்ட்விச் நகரில் சொந்தக் கடையும் வைத்தார்.

வேலூர் வாசகி: மெலிவதற்காகத் தினமும் கச்சு அணியலாமா?

இது மருத்துவரிடம் கேட்க வேண்டிய கேள்வி. நான் உடை தைப்பவள்.

யாழ்ப்பாண வாசகி: துண்டுகளை எந்திரத்தில் இணைத்தேன், விளிம்புகள் தடித்து, கீழ் மடல்களுக்கு ஓரத்தை மூடும் பட்டி கட்ட முடியவில்லை.

காரணம் இணைத்த முறை. அக்காலத்தில் துண்டுகளைச் சேர்த்துவிட்டுப் பட்டை செருகவில்லை. ஒவ்வொரு துண்டிலும் குழல்களைக் கெட்டித்தையலால் தைத்து, பட்டைகளைச் செருகி, ஓரங்களை உள்ளே மடித்து முடித்த பிறகே, இரண்டு துண்டுகளின் மடித்த விளிம்புகளை நேருக்குநேர் வைத்துச் சுற்றுத்தையலால் இணைத்தார்கள். அதனால் இணைப்பு தட்டையாக அமர்கிறது. மடல்களுக்கு மெல்லிய மென்தோல் பட்டியைக் கட்டுங்கள். தோலின் ஓரம் பிரியாது என்பதால் மடித்துத் தடிக்க வேண்டியதில்லை, குறுகிய வளைவுகளிலும் அது இழுபட்டு அமரும். பட்டைகள் விளிம்புக்குக் கால் அங்குலம் முன்பே நிற்கட்டும்; இல்லாவிட்டால் ஊசி நுழைய இடமிராது.

ஈரோடு வாசகர்: முன்பக்கம் கொக்கி வைத்துத் திறக்கும்படி தைக்கலாமா? கண்களுக்கு வளையம் போடலாமா?

கொக்கியிட்ட உலோகத் திறப்பு 19ஆம் நூற்றாண்டுக்கு உரியது, 1780க்கு வேண்டாம். வளையம் பற்றி இது மூன்றாவது கேள்வி; விடை மாறவில்லை.

தஞ்சாவூர் வாசகி: காட்சி முடிந்ததும் கச்சைத் துவைப்பது எப்படி?

துவைக்காதீர்கள். கச்சின் கீழே அணியும் லினன் உள்ளங்கிதான் வியர்வையை ஏற்பது. அதை ஒவ்வொரு காட்சிக்குப் பிறகும் துவையுங்கள். கச்சை நாடா தளர்த்தி, உட்புறம் வெளியே தெரியும்படி நிழலில், மின்விசிறிக் காற்றில் விரித்துவையுங்கள். ஈரமாக மடித்துப் பெட்டியில் வைத்தால் பூஞ்சை பிடிக்கும். லைனிங்கை எல்லாவற்றுக்கும் கடைசியாக, பெரிய தையலாகக் கையால் போட்டிருந்தால், அழுக்கேறியதும் அதை மட்டும் பிரித்தெடுத்துப் புதியதை வைக்கலாம்.