காட்டை அடகு வைக்காதீர்கள், பையன் கூரை வேலையை முறையாகக் கற்கட்டும்

பாலக்கோடு பக்கத்திலிருந்து ஓர் அம்மா கேட்டிருக்கிறார். மகன் அரசுப் பள்ளியில் பிளஸ் டூ முடித்திருக்கிறான். லீவில் சித்தப்பாவோடு ஓசூர் சிப்காட் பக்கம் ஷெட் வேலைக்குப் போனவன், "இதையே கத்துக்கிறேன்" என்கிறான். பெங்களூரில் இருக்கும் தாய்மாமனுக்கு இது பிடிக்கவில்லை. "தகரம் மாட்டவா படிக்க வெச்சீங்க?" என்று சண்டை போட்டு, ஒரு தனியார் கல்லூரியில் கம்ப்யூட்டர் சயின்ஸ் மேனேஜ்மென்ட் சீட் பேசி வைத்திருக்கிறார். நான்கு வருடத்துக்கு 6 லட்சம். கையில் இருப்பது 2 லட்சம். மீதிக்குத் தக்காளிக் காட்டை அடகு வைக்கலாமா என்பது கேள்வி.

வைக்காதீர்கள் அம்மா. 4 லட்சத்தை நூற்றுக்கு 2 ரூபாய் வட்டிக்கு வாங்கினால் மாதம் 8,000 ரூபாய் வட்டி. வருடத்துக்கு 96,000. அசலில் ஒரு ரூபாய்கூடக் குறையாது. ராயக்கோட்டை மண்டியில் தக்காளி விலை விழுகிற மாதமும் அந்த 8,000 போயாக வேண்டும். இன்னொன்றும் சொல்கிறேன், மாமாவிடம் அப்படியே சொல்லுங்கள். ஆறாம் வகுப்பிலிருந்து பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்த பையனுக்கு அரசு கவுன்சிலிங்கில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு இருக்கிறது. அதில் சீட் கிடைத்தால் கல்லூரிக் கட்டணத்தை அரசே கட்டுகிறது. மேனேஜ்மென்ட் சீட்டுக்கு அது கிடையாது. அதாவது, பையனுக்கே இன்ஜினியரிங் ஆசை இருந்தாலும் இந்த 6 லட்சம் தேவையில்லாத செலவு. அவனுக்கோ ஆசையே இல்லை.

இப்போது அவன் கேட்கிற வேலையைப் பார்ப்போம். 'தகரம் மாட்டுவது' என்று சொல்லித் தள்ளுகிறவர்கள் ஒரு ஷெட்டின் மேல் ஏறிப் பார்த்ததில்லை.

ஓசூரிலும் பர்கூர், போச்சம்பள்ளி பக்கமும் எழும்புகிற தொழிற்சாலைகளில் பெரும்பாலானவை இரும்புச் சட்டம் நிறுத்தித் தகடு போர்த்தியவைதான். கிருஷ்ணகிரி மாங்கூழ் ஆலைகள், கோழிப்பண்ணைகள், பட்டுப்புழு வளர்ப்பு மனைகள் எல்லாவற்றுக்கும் கூரை வேண்டும், ஒவ்வொன்றுக்கும் வேறு கூரை. பட்டுப்புழுவுக்கு 24 முதல் 28 டிகிரிக்குள் வெப்பம் இருக்க வேண்டும். வெறும் தகரத்தின் கீழ் சித்திரை மாதம் அது நடக்காது. அங்கே நடுவில் நுரை அடைத்த பஃப் பேனலோ, தகரத்துக்கு அடியில் வெப்பத் தடுப்பு விரிப்போ போட வேண்டும். எதை எங்கே போடுவது என்று சொல்லத் தெரிந்தவனைத்தான் முதலாளி தேடுகிறார். தூக்கிப் போடத் தெரிந்தவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள்.

ஒரு சின்ன ஷெட்டை எடுத்துக்கொள்வோம். நீளம் 18 மீட்டர், முகட்டிலிருந்து இறவாணம் வரை சாய்வு 6.3 மீட்டர், இரண்டு பக்கம். ஒரு கலர் ஷீட் ஒன்றன்மேல் ஒன்று ஏறியது போக 1 மீட்டர் அகலம் மூடும் என்றால் பக்கத்துக்கு 18, மொத்தம் 36 ஷீட். ஷீட்டைத் தாங்கும் குறுக்குச் சட்டமான பர்லின் பக்கத்துக்கு 7 வரிசை, ஒரு ஷீட்டுக்கு ஒவ்வொரு பர்லினிலும் 4 ஸ்க்ரூ. 36 × 7 × 4 = 1,008. பக்க ஒட்டுகளைத் தைக்கிற ஸ்க்ரூ இதில் சேரவில்லை. ஆக அந்தக் கூரையில் ஆயிரத்துக்கு மேல் ஓட்டை. ஸ்க்ரூத் தலைக்கு அடியில் இருக்கும் ரப்பர் வாஷர்தான் மழையைத் தடுக்கிறது. அதிகமாக முடுக்கினால் ரப்பர் பிதுங்கி வெயிலில் வெடித்துவிடும். குறைவாக முடுக்கினால் முதல் மழையிலேயே சொட்டும். ஸ்க்ரூ கோணலாக இறங்கினால் ஒரு பக்கம் மட்டும் அழுந்தி, இரண்டு வருடம் கழித்து ஒழுகும். வாஷர் லேசாகத் தட்டையானதும் டிரில்லை நிறுத்தும் கை, பழகிப் பழகித்தான் வரும்.

ஷீட்டை எந்தப் பக்கம் தொடங்குவது என்பதிலும் கணக்கு உண்டு. நம் பக்கம் ஆடியில் மேற்கிலிருந்து மேல்காற்று அடிக்கும். கிழமேலாக நீண்ட ஷெட்டுக்குக் கிழக்கு ஓரத்திலிருந்து தொடங்கி மேற்கே போக வேண்டும். அப்போதுதான் மேலே ஏறிய ஷீட்டின் விளிம்பு காற்றுக்கு முதுகு காட்டும். மாற்றிப் போட்டால் காற்றும் சாரலும் ஒட்டுக்குள் புகும். தகட்டை கிரைண்டரில் அறுத்தால் தீப்பொறி பெயின்ட்டையும் துத்தநாகப் பூச்சையும் சுட்டுவிடும், அந்த இடத்தில் துரு கிளம்பும். தகடு வெட்டும் கத்தரியோ நிப்ளரோ வேண்டும். ஸ்க்ரூ போடும்போது உதிர்கிற இரும்புத் துகளை அன்று மாலையே பெருக்கித் தள்ளாவிட்டால் அதுவும் துருக்கறையாக மாறும்.

பெரிய தொழிற்சாலைகளில் இப்போது ஸ்க்ரூ வெளியே தெரியாத மடிப்புக் கூரை வருகிறது. 30 மீட்டர் நீளத் தகடு, காலைக்கும் உச்சி வெயிலுக்கும் 40 டிகிரி வித்தியாசம் என்றால் 14 மில்லிமீட்டருக்கு மேல் நீளும். அதனால் தகட்டை இறுக்கிக் கட்டாமல், நகர்ந்து கொடுக்கிற கிளிப்பில் உட்கார வைத்து, மெஷின் ஓட்டி மடிப்பார்கள். வீட்டுக் கூரை சோலாருக்கு ஒன்றிய அரசு 2024 முதல் தருகிற மானியம் 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய். அந்த வேலையிலும் தகரக் கூரை என்றால் ஒழுகாமல் பேனல் நிறுத்தத் தெரிந்த ஆள் வேண்டும்.

ஆனால் சித்தப்பாவோடு நேரே ஹெல்பராக அனுப்புவதற்கும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். ஹெல்பராக ஏறியவன் ஹெல்பராகவே நிற்பதைத் தடுப்பது வரைபடம் படிக்கிற அறிவு. தர்மபுரி, ஓசூர் அரசு ஐடிஐக்களில் விசாரியுங்கள். ஷீட் மெட்டல் பிரிவு இருந்தால் அது, இல்லாவிட்டால் வெல்டர், இரண்டுமே ஒரு வருடம்தான். பயிற்சிக் கட்டணம் இல்லை. மாதம் 750 ரூபாய் உதவித்தொகை உண்டு, தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் 1,000 ரூபாய்க்கும் விண்ணப்பிக்கலாம். முடித்ததும் ஷெட் தயாரிக்கும் கம்பெனியில் அப்ரென்டிஸ். அந்த ஒரு வருடத்தில் தகட்டின் கனத்தை அளக்கிற மைக்ரோமீட்டரைப் பிடிக்கவும் அவன் கற்க வேண்டும். 0.50 மில்லிமீட்டர் என்று பில் போட்டு 0.40 தகடு இறக்கினால் கண்ணுக்குத் தெரியாது.

உயரத்தில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். 18 வயது முடியும்வரை கூரையில் ஏறக் கூடாது. முடிந்ததும் கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்தில் பதியுங்கள். பழைய சிமெண்ட் ஷீட்டையும், வெளிச்சத்துக்குப் போட்ட பிளாஸ்டிக் ஷீட்டையும் நேரடியாக மிதிக்கக் கூடாது, ஆள் எடைக்கு உடையும். ஷீட்டின் மேல் பலகை போட்டுத்தான் நடக்க வேண்டும். சிமெண்ட் ஷீட்டில் கல்நார் இருக்கும். உலர்வாக அறுத்தால் வரும் தூசி நுரையீரலில் புற்றுநோய் வரை கொண்டுபோகும். உடம்பு முழுக்கப் பிடிக்கும் ஹார்னஸ் என்ற பாதுகாப்புப் பட்டை, அதில் இரண்டு கொக்கி வேண்டும். ஒன்றைக் கழற்றும்போது மற்றொன்று மாட்டியிருக்க வேண்டும்.

கல்லூரிக்கு அட்வான்ஸ் கட்ட வேண்டாம். இந்த வாரம் பையனோடு ஐடிஐக்குப் போய் வாருங்கள். பிறகு சித்தப்பாவின் மேஸ்திரியிடம் நீங்களே கேளுங்கள்: "ஹார்னஸ் கொக்கி மாட்டுற லைஃப்லைன் கயிற்றை எதில் கட்டுவீங்க?" எந்தத் தூண், எந்தச் சட்டம் என்று கையைக் காட்டிச் சொன்னால் நல்ல ஆள். "அதெல்லாம் பழகிடும்மா" என்றால், அந்த ஆளிடம் பையனை ஒரு நாள்கூட அனுப்பாதீர்கள்.