ஆபரேஷனுக்குப் பிறகு டிரிப்பில் ஏற்றும் கொழுப்பு கல்லீரலைக் கெடுக்குமா?

அப்பாவுக்குக் குடல் ஆபரேஷன் ஆகி ரெண்டாவது வாரமாக ரத்தக்குழாய் வழியாகத்தான் சாப்பாடு போகிறது, ரத்தப் பரிசோதனையில் கல்லீரல் ரிசல்ட் ஏறிவிட்டது, அந்த வெள்ளைக் கொழுப்பை நிறுத்தச் சொல்லலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். நிறுத்தச் சொல்லாதீர்கள். என்ன எண்ணெய், ஒரு நாளைக்கு எவ்வளவு, வயிற்றுக்கு எப்போது சாப்பாடு தொடங்கும், இந்த மூன்றையும் கேளுங்கள்.

நான் மலேசியாவில் சுங்கை சிப்புட்காரி, ஈப்போவில் ஆபரேஷன் வார்டில் மிஸ்ஸியாக, அதாவது நர்ஸாக இருக்கிறேன். தோட்டத்துப் பக்கமிருந்து வருகிற சொந்தக்காரர்கள் அந்தப் பையைப் பார்த்ததும் பயந்துபோவதை அடிக்கடி பார்க்கிறேன். மூன்று அறை உள்ள பை அது. மாட்டுவதற்கு முன்னால் உருட்டி அழுத்தினால் நடுத்தடுப்பு பிரிந்து குளுக்கோஸ், அமினோ அமிலம், கொழுப்பு மூன்றும் கலந்து மொத்தமும் பால் மாதிரி ஆகிவிடும். அதனால் பை முழுக்கக் கொழுப்புதான் என்று நினைக்கிறார்கள், அப்படி இல்லை.

கொழுப்பை எடுத்துவிட்டால் அந்தக் கலோரிக்கு என்ன வழி? 20 சதவீதக் கொழுப்புக் கலவை 250 மில்லியில் 500 கலோரி இருக்கிறது. அதற்குப் பதிலாகக் குளுக்கோஸைக் கூட்டினால், உடம்பு செலவழிக்க முடியாத சர்க்கரையைக் கல்லீரலே கொழுப்பாக மாற்றித் தன்னிடம் சேர்த்துக்கொள்ளும். கொழுப்பே ஏற்றாமல் கல்லீரலில் கொழுப்பு படிவது இப்படித்தான். வாரக்கணக்கில் கொழுப்பே போகவில்லை என்றால் தோல் உரியும், புண் ஆறவும் தாமதமாகும், ஏனென்றால் தோலுக்கு வேண்டிய லினோலிக் அமிலம் என்ற கொழுப்பை உடம்பால் தானாகச் செய்துகொள்ள முடியாது.

அதற்காக எண்ணெய்க்குச் சம்பந்தமே இல்லை என்றும் சொல்லமாட்டேன். 1960களில் ஸ்வீடனில் ஆர்விட் ரெட்லிண்ட் கொண்டுவந்த சோயா எண்ணெய்க் கலவைதான் ரொம்பக் காலம் எல்லா இடத்திலும் ஓடியது. சோயாவில் ஒமேகா-6 என்ற கொழுப்பு வகை அதிகம், ஸ்டெரால் என்ற, கொலஸ்ட்ரால் மாதிரியான தாவரப் பொருளும் இருக்கிறது. நீண்ட நாள், கூடுதல் அளவில் ஏறும்போது இந்த ஸ்டெரால் பித்தம் வெளியேறுவதைத் தடுக்கிறது, கண் மஞ்சளாகிறது. குறைமாதக் குழந்தைகளும் குடல் பெரும்பகுதி வெட்டப்பட்டவர்களும்தான் இதில் அதிகம் பாதிக்கப்படுகிறார்கள். பாஸ்டன் குழந்தைகள் மருத்துவமனையில் மீன் எண்ணெய்க் கலவைக்கு மாற்றியபோது பல குழந்தைகளுக்கு மஞ்சள் இறங்கியது. அமெரிக்க அரசு 2018ல் அந்தப் பயன்பாட்டுக்கு அனுமதி கொடுத்தது. இப்போது பெரியவர்களுக்குக் கலப்பு எண்ணெய் நிறையப் புழக்கத்தில் இருக்கிறது. ஸ்மாஃப்லிப்பிட் என்ற கலப்பு எண்ணெயில் சோயா 30, நடுத்தரச் சங்கிலிக் கொழுப்பு 30, ஆலிவ் 25, மீன் எண்ணெய் 15 சதவீதம். அந்த நடுத்தரச் சங்கிலிக் கொழுப்பைத் தேங்காயிலிருந்தோ நம் தோட்டத்துச் செம்பனைக் கொட்டையிலிருந்தோதான் எடுக்கிறார்கள்.

பெரியவர்களுக்குப் பொதுவாகக் கிலோவுக்கு நாளுக்கு 1 கிராம் அளவில் கொடுப்பார்கள், 60 கிலோ ஆளுக்கு 20 சதவீதக் கலவை 300 மில்லி. அப்பா ஐசியுவில் புரோபோஃபோல் மயக்க மருந்தில் இருந்தால் அதுவும் சோயா எண்ணெயில் கலந்ததுதான், மில்லிக்கு 1.1 கலோரி, அதையும் கணக்கில் சேர்த்தார்களா என்று கேளுங்கள். ரத்தத்தில் ஓடும் கொழுப்பான டிரைகிளிசரைடு பார்த்தார்களா என்றும் கேளுங்கள். அது ரொம்ப ஏறினால் எடுத்த ரத்தம் படிந்தபிறகு குழாயின் மேல்பகுதி பால் கலந்த மாதிரி நிற்கும், அப்போது கொழுப்பைக் குறைப்பார்கள் அல்லது கொஞ்ச நேரம் நிறுத்துவார்கள்.

ரெண்டு வாரத்தில் ரிசல்ட் கொஞ்சம் ஏறுவது சகஜம், சாப்பாடு ஆரம்பித்ததும் பெரும்பாலும் இறங்கிவிடும். கிருமித் தொற்றும் சில ஆன்டிபயாடிக்கும்கூட ஏற்றிவிடும். வயிற்றுக்கு ஒன்றுமே போகாதபோது பித்தப்பை சுருங்காமல் பித்தம் கெட்டியாகித் தேங்குகிறது, அதனால் வயிற்றுக்குப் போகும் குழாய் வழியாகக் கொஞ்சம் பால்சத்து போனாலும் கல்லீரலுக்கு அது பெரிய உதவி. ஆனால் அதை டாக்டர்தான் தொடங்கவேண்டும். மஞ்சள் என்றதும் யாராவது கீழாநெல்லிச் சாறு கொண்டுவருவார்கள், தையல் ஆறாத குடலுக்குள் அதைக் கொடுக்கவே கூடாது, பெரியம்மா கோபித்தாலும் பரவாயில்லை.

அப்புறம், எல்லா வெள்ளைக் கலவையிலும் முட்டை மஞ்சள் கருவிலிருந்து எடுத்த பொருள் இருக்கிறது, கலப்பு எண்ணெயில் மீனும் இருக்கிறது. அப்பாவுக்கு முட்டை, மீன், சோயா எதுவாவது ஒத்துக்கொள்ளாது என்றால் இன்றைக்கே வார்டில் சொல்லிவிடுங்கள், சுத்த சைவம் என்றாலும் சொல்லுங்கள், மருந்தாளரிடம் பேசி முடிவெடுக்க நேரம் கிடைக்கும்.