புது பிராசஸர் வரும் முன் சொல்லப்படும் "40% கூடுதல்" என்பதற்கு என்ன பொருள்?

அந்தச் சதவீதம் பல நேரம் ஐபிசியின் உயர்வு. ஐபிசி என்பது ஒரு கிளாக் துடிப்பில் முடியும் கட்டளைகளின் சராசரி. உண்மை வேகம் ஐபிசியைக் கிளாக்கால், அதாவது நொடிக்கு எத்தனை துடிப்பு என்பதால், பெருக்கி வருவது. ஐபிசி 15% கூடி, கிளாக் 10% குறைந்தால் மிஞ்சுவது 3.5% மட்டுமே. காலடி நீளமானாலும் நடை மெதுவானால் ஊர் சீக்கிரம் வராது.

பிராசஸர் நிறுவனமான ஏஎம்டி தன் ஜென் வடிவமைப்புக்கு 40% ஐபிசி உயர்வை இலக்காகச் சொன்னது. 2017 வெளியீட்டில் 52% என்றது. எதிர்பார்ப்பைக் கையாள அடக்கிச் சொல்வதே சிறந்த வழி என்பேன்.

"30% வரை" என்றால் சோதித்தவற்றில் மிகச் சிறந்த முடிவு, சராசரி அல்ல. முன்கூட்டியே கசியும் பெஞ்ச்மார்க்குகள் (வேகச் சோதனை முடிவுகள்) மாதிரிச் சில்லுகளில் எடுத்தவையாக இருக்கலாம். அவற்றில் கிளாக்கும், கணினியைத் தொடக்கிவைக்கும் மென்பொருளான பயாஸும் இறுதியாகியிருக்காது.

பிராசஸருக்குள் கட்டளைகளைச் செய்யும் அலகான கோர் இரட்டித்தால் வேகமும் இரட்டிக்கும் என்பது தவறு: வேலையில் பாதியைப் பிரிக்க முடியாவிட்டால், எத்தனை கோர் சேர்த்தாலும் ஒற்றைக் கோரைவிட இருமடங்கு வேகத்தைத் தாண்டாது.