பாதியில் நிற்பவரைப் படிவம் முன்கூட்டியே காட்டுமா?

கேள்வி: உளவளத்துணை டிப்ளோமா படிக்கிறேன். தியத்தலாவையில் ஓய்வுபெற்ற படைவீரர் ஒருவர் போர்க்கால மனவடுவுக்காக இரண்டு முறை வந்தார். மூன்றாம் முறை வரவில்லை. அமெரிக்காவில் முன்னாள் படைவீரர்களுக்கு ஆளுமைப் பரிசோதனை வைத்து, சிகிச்சையில் யார் நிலைப்பார் என்று பார்க்கிறார்களாமே? அதை நாமே தமிழாக்கி வைக்கலாமா?
- வாசகி, பண்டாரவளை

பதில்: தமிழாக்க வேண்டாம். அங்கே வைப்பது பெரும்பாலும் எம்.எம்.பி.ஐ. அல்லது பி.ஏ.ஐ. என்ற ஆளுமை வினாப்படிவம். முதலாவதன் 2020 பதிப்பில் 335 வாக்கியங்கள், சரி அல்லது பிழை என்று குறிக்க வேண்டும். பி.ஏ.ஐ.யில் 344. மதிப்பெண்ணை ஒப்பிடும் அளவுகோல் அமெரிக்க மக்களுடையது. ‘மற்றவர் கண்ணுக்குத் தெரியாதது எனக்குத் தெரிகிறது’ என்ற மாதிரி ஒரு வாக்கியத்துக்கு, தோட்டத்துக் கோயிலில் சாமியாடும் ஒருவர் தயங்காமல் ‘சரி’ போடுவார். படிவமோ அதைச் சிந்தனைக் கோளாறு என்று எண்ணிக்கொள்ளும். உரிமை பெற்ற பதிப்பும் பயின்ற உளவியலாளரும் இல்லாமல் தொடக்கூடாது.

முறையாக வைத்தாலும் முதலில் பார்ப்பது நம்பகத்தன்மை அளவுகளை, அதாவது பதில்களை அப்படியே நம்பலாமா என்று காட்டும் மதிப்பெண்களை. அறிகுறிகளை மிகைத்துச் சொல்லும் அளவு ஏறியிருந்தால் “ஓய்வூதியத்துக்காக நடிக்கிறார்” என்று முடிவுகட்டுவதுதான் வழமையான தவறு. வேதனை கடுமையாக இருந்தாலும் அந்த அளவு ஏறும்.

பி.ஏ.ஐ.யில் சிகிச்சை மறுப்பு என்றே தனி அளவு உண்டு. அது உயர்ந்தால், தான் மாறத் தேவையில்லை என்று நினைக்கிறார் என்று பொருள். ஆனாலும் அதை வைத்து இவர் இடையில் நின்றுவிடுவார் என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆளை வடிகட்ட இந்த மதிப்பெண்களைப் பயன்படுத்துவது எங்களுக்கு உடன்பாடில்லை. யாரையும் நம்பாத குணம் தெரிந்தால், ஒவ்வொரு படியையும் ஏன் செய்கிறோம் என்று முதல் நாளே விளக்கலாம். கோபமும் குடியும் தெரிந்தால் அதையும் திட்டத்தில் சேர்க்கலாம். முடிவை அவரோடு உட்கார்ந்து பேசி, “இது உங்களுக்குப் பொருந்துகிறதா?” என்று கேட்பதில்தான் பரிசோதனையின் பயனே இருக்கிறது.

இனி உங்கள் ஆளுக்கு வருவோம். நினைவை நேருக்கு நேர் சந்திக்கும் நீடித்த வெளிப்பாட்டுச் சிகிச்சை 8 முதல் 15 அமர்வு, ஒவ்வொன்றும் சுமார் 90 நிமிடம். அமர்வின் ஒலிப்பதிவை வீட்டிலும் தினம் கேட்க வேண்டும். விலகி ஓடுவது மனவடுவின் அறிகுறியே என்பதால், நினைவைத் தொடப்போகும் வேளையில் ஆள் நழுவுவது இயல்பு. (பயிற்சி இல்லாமல் நீங்கள் இதைத் தொடங்கவும் கூடாது.) “வரவேண்டாம் என்று தோன்றும், அப்படித் தோன்றினால் வராமல் இருக்காதீர்கள், வந்து அதைச் சொல்லுங்கள்” என்று முதல் சந்திப்பிலேயே சொல்லிவையுங்கள். பஸ் நேரம், கூலிநாள், தெரிந்தவர் கண்ணில் படும் வெட்கம் எல்லாவற்றையும் கேளுங்கள். எங்கள் ஊர்களில் குணத்தைவிட கடைசி பஸ்தான் பலரைத் தடுக்கிறது.

வராதவரை அந்த வாரமே ஒருமுறை அழையுங்கள், குற்றம் சொல்லாமல். வந்தால் மனவடு அறிகுறிகளைக் கேட்கும் பி.சி.எல்-5 என்ற சிறு படிவம் போதும்: 20 கேள்வி, மொத்தம் 80 புள்ளி. மீண்டும் கேட்கும்போது 10 புள்ளியாவது இறங்கியிருந்தால் அதை முன்னேற்றமாக எடுக்கலாம். இதற்கும் சரிபார்த்த மொழிபெயர்ப்பு வேண்டும். சாகும் பேச்சு எடுத்தால் படிவத்தை மூடிவையுங்கள். மனநல உதவி எண்ணான 1926க்கு அழையுங்கள், அல்லது பதுளைப் பெரியாஸ்பத்திரிக்கு அன்றே கூட்டிப்போங்கள்.