துபாய் வேலை: செப்டம்பரில் கிளம்பவா, அக்டோபரிலா?

கேள்வி: திருச்சியில் ஒரு கட்டுமான நிறுவனத்தில் மாதம் 1 லட்ச ரூபாய் சம்பளம் வாங்குகிறேன். துபாயில் 15,000 திர்ஹாமுக்கு வேலை கிடைத்திருக்கிறது. செப்டம்பர் 25-ம் தேதி கிளம்பலாம், அக்டோபர் 5 என்றாலும் சரி என்கிறார்கள். புரட்டாசி சனிக்கிழமை விரதம் முடித்துவிட்டுப் போகச் சொல்கிறார் அம்மா. சேமிப்புக் கணக்கு, பி.பி.எஃப். (பொது சேமநல நிதி), வாடகைக்கு விட்டிருக்கும் வீடு இவற்றை என்ன செய்வது?

பதில்: முதலில் அம்மாவைச் சமாதானப்படுத்துங்கள். அந்தப் பத்து நாள் உங்களுக்குச் சுமார் மூன்றரை லட்ச ரூபாய் பெறும்.

வேலைக்காக வெளிநாடு கிளம்பும் இந்தியக் குடிமகன், அந்த நிதியாண்டில் 182 நாள் இங்கே இருந்துவிட்டால், வரிக்கணக்கில் உள்நாட்டில் வசிப்பவர்தான். உலகத்தில் எங்கே சம்பாதித்தாலும் இங்கே கணக்குக் காட்ட வேண்டும். ஏப்ரல் 1 முதல் எண்ணினால் செப்டம்பர் 28-ல் 181 நாள் ஆகிறது. 29-ம் தேதி விமானம் ஏறினால் 182. ஏறுகிற நாளையும் சேர்த்தே எண்ணுங்கள், அதுதான் பாதுகாப்பு.

அக்டோபரில் போனால் மார்ச் வரை ஆறு மாதச் சம்பளம் 90,000 திர்ஹாம். ஒரு திர்ஹாம் 23 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 20.7 லட்சம். வாடகையைக் கணக்கில் சேர்க்காமல், இங்கே வாங்கிய 6 லட்சச் சம்பளத்தையும் சேர்த்து, நிலையான கழிவு 75,000 போக, புதிய வரிமுறையில் வரி ஏறக்குறைய 3.73 லட்சம். துபாயில் சம்பளத்துக்கு வரி கிடையாது. ஆகவே அங்கே கட்டியதை இங்கே கழித்துக்கொள்ளவும் வழியில்லை. செப்டம்பர் 25-ல் போனால் இரண்டு சம்பளத்தில் இங்கத்தியதற்கு மட்டும் வரி. சுமார் 6,500 ரூபாயோடு முடிந்துவிடும்.

இதில் ஒரு கண்ணி உண்டு. 25-ம் தேதி கிளம்பும்போது உங்கள் கணக்கில் 178 நாள் ஏறியிருக்கும். பொங்கலுக்கு வந்து நான்கு நாள் தங்கினால் போதும், 182 ஆகிவிடும். மார்ச் முடியும்வரை ஊர்ப்பக்கம் வராதீர்கள். வந்தே ஆக வேண்டுமென்றால் இன்னும் முன்னதாகக் கிளம்புங்கள். பாஸ்போர்ட்டில் விழும் முத்திரைப் பக்கங்களை நகலெடுத்து வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் கேட்பார்கள்.

வங்கிக் கணக்குக்கு இந்த 182 நாள் கணக்கே கிடையாது. அந்நியச் செலாவணிச் சட்டமான ஃபெமாவின்படி, வேலைக்காகக் கிளம்பிய நாளிலிருந்தே நீங்கள் வெளிநாட்டு இந்தியர். பழைய சேமிப்புக் கணக்கை என்.ஆர்.ஓ. கணக்காக மாற்றச் சொல்லுங்கள். வாடகை போன்ற உள்நாட்டு வரவு அதில் சேரட்டும். அதன் வட்டிக்கு 31.2 சதவீதம் பிடிப்பார்கள். துபாய் சம்பளத்துக்கு என்.ஆர்.இ. கணக்கு தனியாகத் திறந்துகொள்ளுங்கள். வட்டிக்கு இங்கே வரி இல்லை, பணத்தை எப்போது வேண்டுமானாலும் வெளியே எடுத்துப் போகலாம். இரண்டு சட்டத்தையும் போட்டுக் குழப்பிக்கொண்டு, பழைய கணக்கிலேயே வருடக்கணக்கில் பணம் அனுப்புகிறவர்கள் ஏராளம்.

பி.பி.எஃப்.பை மூட வேண்டாம். 15 ஆண்டு முதிர்வு வரை பணம் போடலாம். அதற்குமேல் நீட்டிக்கவும் முடியாது, புதிதாகத் தொடங்கவும் முடியாது. மியூச்சுவல் ஃபண்ட் இருந்தால் கே.ஒய்.சி. எனும் வாடிக்கையாளர் விவரப் பதிவில் உங்கள் நிலையை மாற்றச் சொல்லிவிடுங்கள்.

வீடுதான் கொஞ்சம் வம்பு. உரிமையாளர் வெளிநாட்டு இந்தியர் என்றால், வாடகை எவ்வளவு சிறியதானாலும், குடியிருப்பவர்தான் 31.2 சதவீதம் பிடித்து அரசுக்குக் கட்ட வேண்டும். 18,000 வாடகையில் 5,616 போய், கைக்கு 12,384 வரும். அதற்கு அவர், வரி பிடித்துக் கட்டுகிறவர்களுக்கான டான் எண்ணும் வாங்க வேண்டும். இதைச் சொன்னால் குடியிருப்பவர் முறைப்பார். ஆனால் பிடிக்காமல் விட்டால் பொறுப்பு அவர் தலையில்தான் விழும். அடுத்த ஆண்டு முதல் இந்த வாடகைதான் உங்கள் ஒரே இந்திய வருமானம் என்றால், ரிட்டர்ன் போட்டுப் பிடித்ததைத் திரும்ப வாங்கிவிடலாம். வாடகை வாங்க, வீட்டு வேலைகளைக் கவனிக்க அப்பாவுக்குப் பொது அதிகாரப் பத்திரம் கொடுப்பதானால், போவதற்கு முன்பே சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்துவிடுங்கள். அங்கே போனபின் தூதரகத்துக்கு அலைய வேண்டியிருக்கும்.

கடைசியாக, சிம் கார்டு. ஆதார், வங்கி, வருமான வரித் தளம் எல்லாமே ஓ.டி.பி.யை உங்கள் இந்திய எண்ணுக்குத்தான் அனுப்பும். ரோமிங்கில் குறுஞ்செய்தி வரும் திட்டத்துக்கு மாறி, ரீசார்ஜ் தேதியை அப்பாவின் காலண்டரில் குறித்துக் கொடுத்துவிட்டுக் கிளம்புங்கள்.