பாதியில் நிற்கும் பழைய காரை விற்பது: சுங்கை சிப்புட் ஃபோர்மனிடம் கேள்வி பதில்

தோட்டத்து லோரி, கிராணிமார் (தோட்டத்து எழுத்தர்கள்) கார், திருவிழாவுக்கு வந்து நடுவழியில் நின்றுபோன வேன் என்று பழுது பார்த்தே முப்பது வருடம் போனது. இப்போது பட்டறையை மகன் பார்க்கிறான். நான் கொட்டகையில் உட்கார்ந்து கார்புரேட்டர் கழுவுகிறேன். பிரித்துப் போட்ட காரை எப்படித் தள்ளிவிடுவது என்று ஒரே வாரத்தில் இத்தனை பேர் கேட்டுவிட்டதால் எல்லாருக்கும் சேர்த்துச் சொல்கிறேன். எனக்குத் தெரிந்தது மோரிஸ், ஆஸ்டின், டத்சன், பழைய கொரோலா. அதற்கு வெளியே கேட்டால் ஆளைத்தான் காட்டுவேன். கேள்விக்கு முன்னால் இருப்பது கேட்டவரின் ஊர்.

சாலாக், ஓய்வு பெற்ற ஆசிரியர்: 1966 மோரிஸ் மைனர். ஆறு வருடத்தில் 18,000 வெள்ளி செலவு செய்துவிட்டேன். பாடி பாதி முடிந்தது, இன்ஜின் பெட்டியில் கிடக்கிறது. கண் சரியில்லை, இனி என்னால் முடியாது. போட்ட பணமாவது வருமா?

வராது ஐயா. கோபப்படாமல் கேளுங்கள். 18,000 நீங்கள் செய்த செலவு. வாங்க வருகிறவர் அதைப் பார்ப்பதே இல்லை. இனிமேல் தன் கையை விட்டு எவ்வளவு போகும் என்றுதான் பார்க்கிறார்.

ஒரு பேச்சுக்கு, ஓடுகிற நிலையில், சாயமும் அடித்து முடித்த மைனர் 30,000 வெள்ளிக்குப் போகிறது என்று வைத்துக்கொள்வோம். மிச்சம் இருக்கும் பாடி வேலைக்கும் சாயத்துக்கும் 9,000, இன்ஜினுக்கு 4,000, சீட்டு, ஒயரிங், ரப்பர், குரோம் எல்லாம் சேர்த்து 6,000. ஆக 19,000. முப்பதில் அதைக் கழித்தால் 11,000. அதையாவது தருவாரா? தரமாட்டார். பெட்டியில் என்ன இருக்கிறது, என்ன இல்லை என்று அவருக்குத் தெரியாது. அந்தப் பயத்துக்கு இன்னொரு மூவாயிரத்தைக் கழிப்பார். எட்டாயிரத்தில் வந்து நிற்பார். எண்களை உங்கள் காருக்குத் தகுந்தபடி மாற்றிக்கொள்ளுங்கள், கணக்குப் போடும் முறை இதுதான்.

இதில் உங்கள் கையில் இருப்பது அந்தப் பயக் கழிவு ஒன்றுதான். பெட்டிகளைத் திறந்து சாமான்களைத் தார்ப்பாயில் பரப்புங்கள். இடது கதவு, வலது கதவு, முன் பிரேக் என்று பிரித்து, சின்னப் பைகளில் போட்டுப் பெயர் எழுதுங்கள். இல்லாத சாமான் எது என்று ஒரு தாளில் எழுதி மேலே வையுங்கள். அந்தத் தாளைப் பார்த்ததும் வருகிறவர் பாதி நம்பிவிடுவார். பிரிப்பதற்கு முன் எடுத்த படம் இருந்தால் தேடி எடுங்கள்.

துருவை மறைக்க வேண்டாம். மைனர் தெரிந்தவன் வந்தால் நேராகத் தரையில் படுப்பான். கதவுக்குக் கீழே ஓடும் பெட்டிச் சட்டம், ஜாக்கி வைக்கும் இடம், பின் பட்டை ஸ்பிரிங் மாட்டும் இடம், இந்த மூன்றையும் ஸ்க்ரூ டிரைவரால் குத்திப் பார்ப்பான். காந்தமும் கொண்டு வருவான். முன் சக்கரத்தைப் பிடித்து ஆட்டி, கீழ் ட்ரனியன் (சக்கரத்தைத் தாங்கித் திருப்பும் மரை மூட்டு) தேய்ந்திருக்கிறதா என்று பார்ப்பான். அதற்கு கிரீஸ் அடிக்காமல் விட்டால் மரை தேய்ந்து ஓடும்போதே சக்கரம் மடங்கிவிடும். வெல்டிங் செய்த இடத்தைப் பட்டி பூசாமல் வெறும் இரும்பாகவே காட்டுங்கள். பட்டிக்கு அடியில் என்ன இருக்கிறதோ என்ற சந்தேகத்துக்கு இன்னொரு ஆயிரம் போய்விடும்.

கார் எங்கே நிற்கிறது? சாம்பல் ப்ரைமர் அடித்து வாசலில் விட்டிருக்கிறீர்களா? ப்ரைமர் தண்ணீரைத் தடுக்காது, உறிஞ்சும். நம் ஊர் மழைக்கு அடியில் துரு கிளம்பி, ஒரு வருடத்தில் செய்த வேலையெல்லாம் வீண். கூரைக்குள் தள்ளுங்கள்.

காராய்: சாயம் மட்டும் அடித்துவிட்டு விற்றால் நல்ல விலை வருமா அண்ணே?

வேண்டாம். மிச்ச வேலையில் அதிகப் பணம் தின்பது சாயம்தான். அடித்த நிறம் வாங்குகிறவருக்குப் பிடிக்காமலும் போகலாம். அந்தக் காசில் நான்கு சக்கரமும் உருள வேண்டும், ஸ்டியரிங் திரும்ப வேண்டும், கை பிரேக் பிடிக்க வேண்டும். தானாக லோரியில் ஏறுகிற காருக்கும் ஆறு பேர் தூக்கி ஏற்றுகிற காருக்கும் விலை வேறு.

செம்மோர்: டத்சன் 120ஒய், 1976, இன்ஜின் இல்லை. எவ்வளவு போகும்?

படம் இல்லை, துரு நிலவரம் இல்லை, கிரான் (காரின் பதிவுச் சான்று) இருக்கிறதா என்றும் சொல்லவில்லை. ஆசிரியருக்குச் சொன்ன கணக்கைப் போட்டுப் பாருங்கள்.

கமுனிங், ஒரு சகோதரி: என் கணவர் மூன்று வருடத்துக்கு முன் இறந்துவிட்டார். அவருடைய ஆஸ்டின் ஏ40 பின்னால் கொட்டகையில் இருக்கிறது, பாதி கழற்றியபடி. கிரான் அவர் பெயரில். ஒருவர் வந்து, பெயர் மாற்றம் எல்லாம் வேண்டாம், ரொக்கம் தருகிறேன், கிரானையும் கொடுங்கள், இன்றைக்கே தூக்கிக்கொள்கிறேன் என்கிறார். கொடுத்துவிடலாமா?

கொடுக்காதீர்கள் தங்கச்சி. ரொக்கத்தை எண்ணிக் காட்டினாலும் கொடுக்காதீர்கள்.

இறந்தவர் பெயரில் இருக்கும் காரை விற்கும் உரிமை இன்னும் உங்கள் கைக்கு வரவில்லை. முதலில் இறந்தவர் சொத்தைக் கவனிக்கும் அமானா ராயா அலுவலகத்துக்குப் போங்கள். இறப்புச் சான்றிதழ், திருமணச் சான்றிதழ், உங்கள் அடையாள அட்டை, பிள்ளைகளின் அடையாள அட்டை, கார் கிரான் எல்லாவற்றையும் கொண்டு போங்கள். வீடு, நிலம் என்று வேறு சொத்தும் இருந்தால் எந்த வழியில் போக வேண்டும் என்று அவர்களே சொல்வார்கள். அங்கே கடிதம் கிடைத்த பிறகுதான் ஜேபிஜே (சாலைப் போக்குவரத்துத் துறை), பெயர் மாற்றம் எல்லாம்.

அந்த ஆள் ஏன் இவ்வளவு அவசரப்படுகிறார் என்று யோசியுங்கள். ஒன்று, நம்பர் பிளேட். 'ஏ' எழுத்துக்குப் பிறகு மூன்று நான்கு இலக்கம் மட்டும் இருக்கும் பழைய பேராக் நம்பருக்கு ஆசைப்படுகிறவர்கள் உண்டு. சில நேரம் நம்பருக்குக் காரைவிட அதிக விலை. இரண்டாவது, கிரான். இன்னும் ரத்தாகாத கிரானையும் சேசிஸ் தகட்டையும் எடுத்து வேறு ஏதோ காரில் ஒட்டி ஓட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். அந்தக் கார் எங்கே போய் என்ன செய்தாலும் தேடி வருவது உங்கள் வீட்டு வாசலுக்குத்தான்.

எனக்கே நடந்தது. பெயர் மாற்றாமல் ஒரு கொரோலாவை நம்பிக் கொடுத்தேன். அடுத்த வாரம் மாற்றிக்கொள்கிறேன் என்றவர் மாற்றவே இல்லை. ஒன்றரை வருடம் கழித்து ஜொகூரிலிருந்து சம்மன் வந்தது, நான் போகாத ஊரில், நான் ஓட்டாத வேகத்துக்கு. அதனால் எல்லாருக்கும் சொல்கிறேன்: பெயர் மாறாமல் சாவி கை மாறக்கூடாது.

தங்கச்சி, சனிக்கிழமை காலையில் நான் அந்தப் பக்கம் வருகிறேன். அதுவரை ஒரு திருகாணியைக்கூடத் தனியாக விற்காதீர்கள்.

கோலகங்சார்: மெர்சிடிஸ் 123, பாதியில் நிற்கிறது...

ஈப்போவில் பென்ஸ் மட்டுமே பார்க்கும் பட்டறைகள் இருக்கின்றன. அங்கே கேளுங்கள்.

லாசா: என் மைனரைப் பார்க்க வந்தவர் பானட் நடுவில் ஒரு பட்டை ஓடுகிறது, விபத்தில் அடிபட்டு இரண்டு பானட்டைச் சேர்த்து ஒட்டியிருக்கிறார்கள் என்று சொல்லி 2,000 குறைத்துக் கேட்கிறார்.

இப்படி ஒரு கேள்விக்காகத்தான் காத்திருந்தேன்! அந்தப் பட்டை பிறவியிலேயே வந்தது. மைனரை வடிவமைத்தவர் அலெக் இசிகோனிஸ், பிறகு மினி காரைச் செய்தவர். கார் கிட்டத்தட்ட தயாரான பிறகு அவருக்கு அது ஒல்லியாகத் தெரிந்தது. மாதிரிக் காரை நடுவில் வெட்டி, இரண்டு பாதியையும் தள்ளித் தள்ளி வைத்துப் பார்த்து, நான்கு அங்குலம் அகலப்படுத்தினார். பானட்டில் ஓடுவது அந்த நான்கு அங்குலம்தான். ஆரம்ப காலக் கார்களில் பம்பருக்கும் நடுவில் துண்டு வைத்தார்கள், ஏனென்றால் பம்பரை ஏற்கெனவே செய்து முடித்துவிட்டார்கள். 1948 அக்டோபரில் லண்டன் கண்காட்சிக்கு வந்த நாளிலிருந்து 1971 வரை அந்தப் பட்டையோடுதான் ஓடியது. பட்டை இல்லாத மைனரை அவர் கொண்டுவந்து காட்டினால் நானே 2,000 வெள்ளி தருகிறேன் என்று சொல்லுங்கள்.

ஜாலோங்: கொரோலா கேஇ30. எவ்வளவு போகும்?

மேலே பாருங்கள்.

லிந்தாங், ஒரு தம்பி: மைனரின் பழைய இன்ஜினைக் கழற்றிவிட்டு டத்சன் ஏ12 இன்ஜின் ஏற்றிக்கொண்டிருந்தேன். காசு தீர்ந்துவிட்டது. 'இன்ஜின் மாற்றியது, மலை ஏறும்' என்று விளம்பரம் போட்டால் விலை கூடுமா அண்ணே?

கிரானில் எந்த இன்ஜின் எண் இருக்கிறது? அதை முதலில் சொல்.

ஹேவூட், முன்னாள் கிராணி: இதில் கேட்க என்ன இருக்கிறது ஃபோர்மன்? மோரிஸில் டத்சன் இன்ஜின் வைப்பது வேட்டிக்கு பெல்ட் கட்டுவது மாதிரி.

கிராணி ஐயா, இந்த ஊரில் பாதிப் பேர் வேட்டிக்கு பெல்ட்தான் கட்டுகிறோம்.

ஈப்போ: நான் பன்னிரண்டு வருடம் டத்சன் இன்ஜின் வைத்த மைனரில் கேமரன் மலை ஏறியிருக்கிறேன். ஒரிஜினல் இன்ஜின் தாப்பா சாலையில் பாதி வழியில் கொதிக்கும். அதோடு டத்சன் இன்ஜின் ஆஸ்டின் இன்ஜினின் நகல்தான், ஆக அதுவும் ஒரிஜினல் மாதிரிதான்.

மலை ஏறியதை நம்புகிறேன், நகல் என்பதை ஒப்புக்கொள்ள மாட்டேன். 1952இல் ஆஸ்டினோடு ஒப்பந்தம் போட்டு நிசான் ஜப்பானில் ஆஸ்டின் கார் செய்தது உண்மை. கதை அங்கிருந்துதான் கிளம்பியது. ஆனால் ஏ12ஐப் பிரித்துப் பாருங்கள். கிராங்குக்கு ஐந்து பேரிங், ஹெட் அலுமினியம். மோரிஸின் 1,098 சிசி இன்ஜினுக்கு மூன்று பேரிங், ஹெட் வார்ப்பிரும்பு. ஸ்பேனர்கூட மாறும், மோரிஸுக்கு அங்குலம், டத்சனுக்கு மில்லிமீட்டர்.

சாலாக்: இன்ஜின் பெரிதானால் சாலை வரியும் கூடுமே?

வரி ஏறாது. ஒன்று 1,098 சிசி, மற்றது 1,171. இரண்டும் 1,001க்கும் 1,200க்கும் நடுவில், தீபகற்ப மலேசியாவில் தனியார் காருக்கு 55 வெள்ளி.

ஹேவூட் கிராணி: வரி இருக்கட்டும். அந்தச் சத்தம்? மைனர் கியர் இறக்கும்போது பின்னால் ஒரு முனகல் வருமே, அது டத்சனில் வருமா? தோட்டத்தில் டிரஸர் (ஆஸ்பத்திரி உதவியாளர்) வருகிறார் என்று அந்தச் சத்தத்தை வைத்துத்தான் சொல்வோம்.

வராது. அதை ஒப்புக்கொள்கிறேன்.

ஈப்போ: முனகலுக்கு யார் காசு கொடுப்பார்கள்?

கொடுக்கிறார்கள் அண்ணே, அதுதான் விஷயம். மைனர் வாங்க இரண்டு வகை ஆள் வருகிறான். ஒருவன் தினமும் ஓட்ட வாங்குகிறான், அவனுக்கு டத்சன் போதும், சாமான் கிடைக்கும். இன்னொருவன் 10எம்ஏ என்று ஆரம்பிக்கும் பழைய இன்ஜின் எண்ணைத் தேடி வருகிறான், அதிக விலை கொடுப்பது அவன்தான். தம்பி, பழைய இன்ஜினை இரும்புக் கடையில் போட்டுவிடாதே. காரோடு சேர்த்துக் கொடு, இரண்டு பேரும் வருவார்கள். ஜேபிஜே அனுமதி இல்லாமல் இன்ஜின் மாற்றியிருந்தால் பரிசோதனையில் எண் ஒத்துப்போகாது, பெயர் மாறாது. அதனால்தான் கேட்டேன். கிரானில் எந்த எண்?

சிம்பாங் பூலாய்: டத்சன் இன்ஜின் வைத்தால் பிரேக் தாங்குமா?

1962க்குப் பிறகு வந்த மைனருக்கு முன்னால் எட்டு அங்குல டிரம். நிதானமாக ஓட்டினால் தாங்கும். மலை இறக்கத்தில் ஈப்போ அண்ணன் எப்படி ஓட்டினார் என்று அவரையே கேளுங்கள்.

எங்கோர்: புரோட்டான் சாகா 1986. எவ்வளவு...

போகும் போகும். 1985 ஜூலையில் வந்த முதல் சாகாக்களுக்கு வயது நாற்பதாகிவிட்டது, தேடுகிறவர்கள் இருக்கிறார்கள். ஒரிஜினல் சீட்டைக் கழற்றிப் போட்டுவிடாதீர்கள். இதற்குமேல் 'எவ்வளவு போகும்' என்று கேட்கிறவர்களுக்குப் பதில் இல்லை.

லிந்தாங் தம்பி: அண்ணே, டத்சன் கியர்பாக்ஸ் இடித்ததால் அடியில் ஒரு குறுக்குச் சட்டத்தைக் கொஞ்சம் வெட்டினேன். அதைச் சொல்லாமல் விற்கலாமா?

எந்தச் சட்டம்? முன் சஸ்பென்ஷனின் முறுக்குக் கம்பி பின்னால் போய் மாட்டுகிற சட்டமா? அதுவானால் காரின் முன்பக்கப் பாரத்தைத் தாங்குவதையே வெட்டியிருக்கிறாய். யாரையும் ஏற்றி ஓட்டாதே. வெட்டிய இடத்தைக் கிட்டப் போய்ப் படமெடுத்து, விளம்பரத்தில் முதல் படமாகப் போடு. வெல்டிங் தெரிந்தவனுக்கு அது ஒரு நாள் வேலை, தெரிந்தே வாங்குவான். மறைத்து விற்றால் அவன் கண்டுபிடிக்கும் நாளில் சட்டையைப் பிடிப்பான். சரி, மூன்றாவது தடவையாகக் கேட்கிறேன், கிரானில் என்ன எண்?

லிந்தாங் தம்பி: கிரான் என்னிடம் இல்லை அண்ணே. கிள்ளானில் மாமாவிடம் இருக்கிறது. கார் அவர் பெயரில்தான்.

அப்போ இரண்டு நாளாக மாமா காரையா விற்றுக்கொண்டிருக்கிறாய்? முதலில் அவருக்கு போன் போடு. சட்டத்தை வெட்டியதையும் நீயே சொல்லிவிடு.