ஈயக் குண்டு வார்க்கும் சாமான்களில் எதை முதலில் மாற்றுவது?

கேட்கப்பட்ட கேள்வி இது: "தூண்டில் குண்டு வார்க்க நாங்கள் வீட்டுக்குப் பின்னால் கேஸ் அடுப்பில் தகர டின் வைத்து ஈயம் உருக்குகிறோம். அமெரிக்காவில் வீட்டிலேயே தோட்டா வார்ப்பவர்கள் மின்சார உலை, அலுமினிய அச்சு, அழுத்தும் கருவி என்று வைத்திருக்கிறார்கள். அதையெல்லாம் வாங்கி நம் வேலைக்கு மாற்றிக்கொள்ளலாமா? எதில் முதலில் காசு போடுவது?"

தம்பி, உலையையும் அச்சையும் தாராளமாக மாற்றிக்கொள்ளலாம். அழுத்தும் கருவி பக்கமே போக வேண்டாம். முதல் காசு உலைக்குப் போகக் கூடாது, சூட்டை அளக்கிற சாமானுக்குப் போக வேண்டும்.

நான் மலேசியாவில், பேராக் மாநிலத்து ஊத்தான் மெலிந்தாங்கில் இருக்கிறேன், தோட்டத்துப் பட்டறையில் வேலை. பெர்ணம் ஆறு கடல் ஏற்றத்திலும் வற்றத்திலும் இழுக்கிற இழுப்புக்கு இலேசான குண்டு தரையில் நிற்காது. ஊடாங் காலா என்னும் பெரிய ஆற்று இறால் பிடிக்கிறவர்கள் கரையோரக் கட்டைகளிலும் நீப்பாப் பனை வேர்களிலும் சிக்கவிட்டுக் குண்டை அறுத்துவிட்டு வருவது அன்றாடம் நடப்பது. அதனால் இங்கே பல வீடுகளில் சொந்தமாக வார்க்கிறார்கள், வீச்சு வலைக்கும் சேர்த்து. ஆகவே உங்கள் கேள்வி எனக்கு ரொம்பப் பழக்கமானது.

சட்டத்தை முதலில் முடித்துவிடுகிறேன். நீங்கள் பார்த்த அந்த அழுத்தும் கருவி, சுட்டு முடித்த தோட்டாக் கூட்டில் மருந்தும் குண்டும் திரும்ப அடைப்பதற்கானது. அங்கே அது பொழுதுபோக்கு. நம் நாட்டில் உரிமம் இல்லாமல் தோட்டா செய்வது 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி கடுமையான குற்றம். தோட்டா வடிவ அச்சைக்கூட வாங்காதீர்கள். "தூண்டிலுக்குத்தான் வாங்கினேன்" என்று போலீசிடம் விளக்கிக்கொண்டிருக்கும் நிலை யாருக்கும் வேண்டாம். மீன்பிடிக் குண்டுக்கென்றே பேரிக்காய் வடிவம், பிரமிடு வடிவம், தட்டை வடிவம் என்று அச்சுகள் கிடைக்கின்றன. அவை போதும்.

வீட்டில் தோட்டா வார்க்கும் அந்த அமெரிக்கர்களிடமிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது ஈயத்தைப் பற்றிய அறிவு. காரீயம் 327 டிகிரி செல்சியசில் உருகும். அச்சுக்குள் ஒழுங்காக ஓட 370 முதல் 400 டிகிரி வரை இருந்தால் போதும். 500 டிகிரியை நெருங்க நெருங்க மேலே ஆடை வேகமாகக் கட்டும், ஆவி கிளம்புவதும் கூடிக்கொண்டே போகும். கேஸ் அடுப்பில் தகர டின்னை வைத்தால் அது எந்த நேரமும் அந்தக் கோட்டைத் தாண்டலாம். 350 டிகிரி ஈயமும் 550 டிகிரி ஈயமும் பார்வைக்கு ஒரே வெள்ளிப் பளபளப்புத்தான். உங்களால் வித்தியாசம் சொல்ல முடியாது, என்னாலும் முடியாது. அதனால்தான் அளக்கிற கருவி முதலில் என்கிறேன்.

சிவப்புப் புள்ளி அடித்துச் சூடு காட்டும் துப்பாக்கி மாதிரியான கருவியை இதற்கு நம்பாதீர்கள். பளபளக்கும் உலோகப் பரப்பு வெப்பக் கதிரைக் குறைவாகவே வெளியிடும். அந்தக் கருவி உண்மையை விட ரொம்பக் குறைவான எண்ணைக் காட்டும். நீங்கள் இன்னும் சூடு போதவில்லை என்று நெருப்பைக் கூட்டுவீர்கள். ஸ்டெயின்லெஸ் குழாய்க்குள் அடைத்த கே வகைத் தெர்மோகப்பிள் (சூட்டை உணரும் கம்பி) ஒன்றும், அதன் எண்ணைக் காட்டும் சின்ன மீட்டர் ஒன்றும் வாங்குங்கள். துணி உறை போட்ட மெல்லிய கம்பி வேண்டாம், உறை கருகிவிடும்.

அப்புறம் உலை. வீட்டில் வார்ப்பவர்கள் பெரும்பாலும் வாங்குவது லீ நிறுவனத்தின் அடிவழி ஊற்றும் உலை. இருபது பவுண்டு, அதாவது ஒன்பது கிலோ ஈயம் பிடிக்கும். ஒன்பது கிலோ என்றதும் பெரிய சட்டியாக நினைக்க வேண்டாம், ஈயம் அவ்வளவு கனம் என்பதால் அது ஒரு லிட்டருக்கும் குறைவான இடத்தில் அடங்கிவிடும். கைப்பிடியைத் தூக்கினால் அடியில் இருக்கும் துளை வழியாக ஈயம் இறங்கும். கரண்டியில் மொண்டு ஊற்றும்போது மேலே மிதக்கும் கசடும் கூடவே அச்சுக்குள் போகும். இதில் அந்தத் தொல்லை இல்லை.

அந்த உலையின் குறை, துளை சொட்டும். வாங்கிய எல்லோரும் புலம்புகிற விஷயம் இது. சரிசெய்வது நம் பட்டறைக்காரர்களுக்குச் சுலபம். உலை ஆறி, காலியாக இருக்கும்போது நடுவில் நிற்கும் கம்பியை வெளியே எடுங்கள். அதன் கூர் முனை துளையில் சரியாக உட்காராததுதான் சொட்டுக்குக் காரணம். என்ஜின் வால்வு தேய்க்க வைத்திருக்கும் பசையில் நைசான ரகத்தை முனையில் கொஞ்சம் தடவி, துளையில் வைத்து, இரண்டு பக்கமும் மாறி மாறித் திருப்பித் தேயுங்கள். முனையைச் சுற்றி உடையாத சாம்பல் நிற வளையம் ஒன்று தெரிந்தால் நன்றாக உட்கார்ந்துவிட்டது என்று அர்த்தம். பசையைச் சுத்தமாகத் துடைத்துவிட்டுத் திரும்ப மாட்டுங்கள். கம்பியின் மேல் முனையில் ஸ்க்ரூ டிரைவர் போட ஒரு வெட்டு இருக்கும். வேலை நடுவில் சொட்ட ஆரம்பித்தால் அந்த வெட்டில் வைத்து அரைச் சுற்றுத் திருப்பினால், சிக்கியிருக்கும் கசடு விலகிவிடும். கைப்பிடியின் மேல் சின்ன இரும்பு எடை ஒன்றைக் கட்டினால் கம்பி இன்னும் அழுத்தமாக உட்காரும். எப்படி இருந்தாலும் கீழே ஒரு காய்ந்த தகரத் தட்டு வைத்துவிடுங்கள்.

இந்த உலையில் அழுக்கு ஈயத்தைப் போடவே கூடாது. பழைய ஈயத்தைத் தனியாக ஓர் இரும்புச் சட்டியில் உருக்கிச் சுத்தம் செய்து, சின்னக் கட்டிகளாக ஊற்றி வைத்துக்கொண்டு, அந்தக் கட்டியை மட்டும் உலையில் போட வேண்டும். உருகிய ஈயத்தில் ஒரு துண்டு மெழுகுவர்த்தியோ காய்ந்த மரத்தூளோ போட்டுக் கிளறினால் அழுக்கு மேலே வரும், வழித்து எடுத்துவிடலாம். புகை வரும், மெழுகு தீப்பிடிக்கவும் செய்யும், முகத்தைத் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள். மெல்லிய தகர டின்னை மட்டும் தயவுசெய்து விட்டுவிடுங்கள். ஈயத்தின் கனத்தில் அது நசுங்கும், குறட்டால் பிடித்த இடம் கிழியும்.

உலையின் பக்கத்தில் இருக்கும் திருகில் எண்கள் போட்டிருக்கும். அவை டிகிரி அல்ல. சூடு அங்கே ஏறும் இறங்கும், ஈயம் குறையக் குறைய மிச்சம் இருப்பது இன்னும் சூடாகும். இதற்குத்தான் பிஐடி கண்ட்ரோலர் வைக்கிறார்கள், சூட்டைப் பார்த்து மின்சாரத்தைத் தானாகக் கூட்டிக் குறைக்கும் கருவி அது. கண்ட்ரோலர், தெர்மோகப்பிள், எஸ்எஸ்ஆர் என்னும் மின்னணு ரிலே, அதன் சூட்டை ஆற்ற ஒரு அலுமினியத் தகடு, இவ்வளவுதான். 700 வாட் உலை 240 வோல்ட்டில் மூன்று ஆம்பியர் அளவுதான் இழுக்கும், அதனால் 25 ஆம்பியர் எஸ்எஸ்ஆர் தாராளம். மலிவான கண்ட்ரோலர்களில் உள்ளேயே சாதா ரிலே வைத்த ரகமும் உண்டு, அது எஸ்எஸ்ஆரை இயக்காது. எஸ்எஸ்ஆர் இயக்கும் வெளியீடு என்று கடைக்காரரிடம் உறுதிப்படுத்திக்கொண்டு வாங்குங்கள்.

இதில் இரண்டு ஆபத்து இருக்கிறது, அடித்துச் சொல்கிறேன். எஸ்எஸ்ஆர் கெட்டால் பெரும்பாலும் மூடிய நிலையிலேயே மாட்டிக்கொள்ளும். கண்ட்ரோலர் நிறுத்தச் சொன்னாலும் மின்சாரம் போய்க்கொண்டே இருக்கும். ஆகவே கைக்கு எட்டும் இடத்தில் தனியாக ஒரு சுவிட்ச் வேண்டும், உலையை விட்டு நகரவே கூடாது. இன்னொன்று, தெர்மோகப்பிள் ஈயத்திலிருந்து நழுவி வெளியே விழுந்தால் கண்ட்ரோலர் காற்றின் சூட்டைப் பார்த்து, போதவில்லை போதவில்லை என்று ஏற்றிக்கொண்டே போகும். அதைச் சட்டியின் விளிம்பில் கிளாம்ப் போட்டு இறுக்குங்கள். முனை சட்டியின் சுவரையும் அடியையும் தொடாமல் ஈயத்தின் நடு ஆழத்தில் நிற்க வேண்டும். எர்த் கம்பியை உலையின் உடம்போடு சேர்க்க மறக்க வேண்டாம். வயரிங் தெரியாவிட்டால் தெரிந்தவரைக் கூப்பிடுங்கள்.

நம் ஊர் ஈரத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். மத்தியானத்துக்கு மேல் மழை பிடிக்கிற ஊர் இது. உருகிய ஈயத்தின் மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் விழுந்தால் சீறிவிட்டுப் போகும். அதே சொட்டு ஈயத்துக்கு அடியில் மாட்டிக்கொண்டால் ஒரே நொடியில் ஆயிரம் மடங்குக்கும் மேல் நீராவியாக விரிந்து, சட்டியில் இருப்பதை எல்லாம் மேலே தூக்கி அடிக்கும். ஆற்றில் இருந்து வந்த பழைய குண்டின் துளைக்குள்ளே தண்ணீர் இருக்கும், வெளியே காய்ந்த மாதிரித் தெரியும். அதை உருகிய ஈயத்தில் போடுவதுதான் கொடுமை. பழையதை எல்லாம் சட்டி குளிர்ந்திருக்கும்போதே போட்டு, அப்புறம் அடுப்பை மூட்டுங்கள். நடுவில் சேர்க்க வேண்டிய கட்டியை முதலில் உலையின் விளிம்பில் வைத்துக் காயவிடுங்கள். ஈர மணலிலும் பச்சை மூங்கிலிலும் ஊற்றுவதை இன்றோடு நிறுத்துங்கள். முகம் முழுக்க மூடும் கண்ணாடி, தோல் கையுறை, நீளக் கால்சட்டை, மூடிய சப்பாத்து. சிலிப்பர் போட்டுக்கொண்டு ஈயம் ஊற்றுபவரைப் பார்த்தால் எனக்கு மனசு பதறுகிறது.

எந்த ஈயம் எடுப்பது? டயர் கடையில் கழற்றிப் போடும் சக்கர எடைகள் நல்லவை. ஆனால் இப்போது அதில் இரும்பும் துத்தநாகமும் கலந்து வரும். துத்தநாகத்தில் பல நேரம் 'இசட் என்' என்று பொறித்திருக்கும், சிமெண்டுத் தரையில் போட்டால் கணீர் என்னும், ஈயம் தொப்பென்று விழும். துத்தநாகம் 419 டிகிரியில் உருகும், ஆகவே சூட்டை 380க்குள் வைத்திருந்தால் அது உருகாமல் மேலே மிதக்கும், கரண்டியால் எடுத்துவிடலாம். கலந்துவிட்டால் மொத்த ஈயமும் கஞ்சி மாதிரி ஆகி அச்சில் ஓடாது. அளக்கும் கருவி இங்கேயும் காசை மிச்சப்படுத்தும்.

கார் பேட்டரியை மட்டும் உடைக்காதீர்கள். உள்ளே அமிலம் இருக்கிறது, தகட்டில் ஆர்சனிக்கும் ஆன்டிமணியும் இருக்கலாம், அந்தக் கசடில் ஈரம் பட்டால் ஆர்சைன் போன்ற கொடிய விஷ வாயு வரலாம். பழைய பேட்டரி நம் நாட்டில் 2005ஆம் ஆண்டு விதிமுறைகளின்படி அட்டவணையிட்ட கழிவு, அதாவது ஆபத்தான கழிவு என்று பட்டியலில் உள்ளது. பேட்டரி கடையில் கொடுத்தால் எடுத்துக்கொள்வார்கள்.

அச்சைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. புது அலுமினிய அச்சில் எண்ணெய் இருக்கும், பாத்திரச் சோப்புப் போட்டுப் பிரஷால் கழுவி நன்றாகக் காயவையுங்கள். ஊற்றுவதற்கு முன் சூடான தகட்டின் மேல் வைத்து அச்சைச் சூடேற்றுங்கள். குண்டு சுருக்கம் விழுந்து வந்தால் அச்சு குளிர்ந்திருக்கிறது அல்லது எண்ணெய் மிச்சம் இருக்கிறது. பனி படிந்த மாதிரி மங்கலாக வந்தால் சூடு அதிகம். லைட்டர் புகையை உள்ளே லேசாகப் படியவிட்டால் குண்டு சுலபமாகக் கழன்று விழும். நரம்பில் கடித்துப் பொருத்தும் பிளவுக் குண்டுக்குச் சுத்தமான மெத்தென்ற ஈயம் வேண்டும், சக்கர எடையின் ஈயம் அதற்குக் கடினம்.

கடித்துப் பொருத்தும் என்று எழுதிவிட்டேன், பல்லால் கடிக்கும் பழக்கம் நம் ஆட்களிடம் உண்மையிலேயே இருக்கிறது. குறடு வைத்து அழுத்துங்கள். வீட்டில் வார்ப்பவருக்கு ஈயம் உடம்புக்குள் போகும் பெரிய வழி ஆவி மட்டும் அல்ல, கசடு எடுக்கும்போது பறக்கும் சாம்பல் தூசும் அது ஒட்டிய கையும்தான். அந்தக் கையால் வெற்றிலை மடித்து, சிகரெட் பிடித்து, அப்படியே பிள்ளையைத் தூக்குகிறோம். குழந்தைகளின் மூளை வளர்ச்சியை ஈயம் பாதிக்கும், இவ்வளவு இருந்தால் பரவாயில்லை என்று சொல்லக்கூடிய அளவே கிடையாது என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். இரத்தத்தில் ஒரு டெசிலிட்டருக்கு 5 மைக்ரோகிராம் வந்தாலே எங்கிருந்து வருகிறது என்று தேடச் சொல்கிறது. வீட்டில் சின்னப் பிள்ளைகளோ கர்ப்பிணியோ இருந்தால் வீட்டோடு ஒட்டிய இடத்தில் வார்க்காதீர்கள். திறந்த கொட்டகையில், காற்று முதுகுப் பக்கம் இருக்கும்படி நின்று, நுண்தூசி வடிகட்டும் முகமூடி போட்டுச் செய்யுங்கள். தரையைப் பெருக்காமல் ஈரத் துணியால் துடையுங்கள். போட்டிருந்த துணியைத் தனியாகத் துவையுங்கள். அந்தச் சட்டியும் கரண்டியும் திரும்பச் சமையலறைக்குள் போகக் கூடாது. கசடை மூடியுள்ள டின்னில் போட்டு வையுங்கள், கால்வாயில் கொட்டினால் அது நேராக ஆற்றுக்குத்தான் போகும். வருஷம் முழுக்க வார்ப்பவர் என்றால் மருத்துவரிடம் கேட்டு இரத்தத்தில் ஈய அளவைப் பார்த்துக்கொள்வது நல்லது.

சின்னக் குண்டுகளுக்கு ஈயமே வேண்டாம் என்பது என் கருத்து. பிரிட்டனில் 1987 முதல் சின்ன ஈயக் குண்டுகளுக்குத் தடை, அன்னப் பறவைகள் விழுங்கிச் செத்ததால் வந்த தடை அது. பிஸ்மத்தும் வெள்ளீயமும் 58க்கு 42 என்று கலந்தால் 138 டிகிரியிலேயே உருகும், சிலிகான் அச்சிலேயே ஊற்றலாம். விலை அதிகம், கனமும் ஈயத்தை விடக் கால் பங்கு குறைவு. பெர்ணம் ஆற்று இழுப்புக்கு வேண்டிய பெரிய குண்டுக்கு அது கட்டுப்படியாகாது, சின்னதற்குக் கட்டும்.

ஆகவே முதலில் தெர்மோகப்பிள் மீட்டரும் முகக் கண்ணாடியும், அடுத்து நல்ல இரும்புச் சட்டி, அப்புறம் அச்சு, கடைசியில் உலையும் கண்ட்ரோலரும். உலைக்கு வரும்போது ஒன்றைக் கவனியுங்கள். அமெரிக்காவிலிருந்து வருவது பெரும்பாலும் 110 வோல்ட் ரகம். அதை நம் 240 வோல்ட்டில் சொருகினால் 700 வாட் சுருள் நாலு மடங்குக்கும் மேல் இழுத்துக் கருகிப்போகும், பிஐடி வைத்தாலும் அது காப்பாற்றாது. 220 வோல்ட் ரகமும் விற்கிறார்கள், இல்லையென்றால் 1000 வாட் தாங்கும் இறக்கு மின்மாற்றி வேண்டும். காசு கட்டுவதற்கு முன் உலையின் தகட்டில் போட்டிருக்கும் வோல்ட் எண்ணைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லி இங்கே போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.